ஷட்டவுன் நாள் கவுன்

கரண்ட் போகப்போகிறது என்று தெரிந்ததும் குஷியாகிற ஒரு ஓனரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கும்மிடிப்பூண்டிப் பக்கம் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக ஷட்டவுன் என்று மெசேஜ் வந்தால் போதும், மூஞ்சி தொங்கிவிடும். எங்கள் அம்மா மட்டும் அந்த மெசேஜுக்கு வாட்ஸப்பில் ஸ்டார் போட்டு வைப்பாள். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுவாள். என்னமோ அவளுக்குத்தான் நிச்சயதார்த்தம் என்கிற மாதிரி.

அம்மா கவரைப்பேட்டையில் கிளவுஸ் யூனிட் நடத்துகிறாள். யூனிட் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துவிடாதீர்கள். எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான். சுவரோரமாக வரிசையாகப் பவர் மிஷின்கள், நடுவில் ஒரு கட்டிங் டேபிள், தைக்க வருகிற ஆறேழு பெண்கள். கம்பி உருட்டுகிற மில்லிலும் வெல்டிங் ஷாப்பிலும் வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்கிற ஜீன்ஸ் துணிக் கையுறைகள். அவர்கள் இரண்டு நாள் போடுவார்கள், கிழியும், தூக்கிப் போடுவார்கள். அழகாக இருக்கிறதா என்று எவனும் பார்க்கமாட்டான். அம்மாவே சொல்வாள், "இதுக்கு மூஞ்சியே இல்லடி. அஞ்சு வெரலு கீது, அவ்ளோதான்."

அவளுக்கு உயிர் வேறொன்றில். புதுநன்மை கவுன். எங்கள் மாதா கோயிலில் பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாளைத்தான் புதுநன்மை என்போம். அன்றைக்குப் பெண் பிள்ளைகள் கல்யாணப் பெண் மாதிரி வெள்ளை கவுன் போட்டு, தலையில் வலைத்துணி வைத்து, கையில் மெழுகுவர்த்தியோடு வரிசையாக வருவார்கள். அந்த வரிசையில் எது அம்மா தைத்தது என்று நான் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அவள் தைத்த கவுனில் பிள்ளை நடக்கும்போது துணி கூடவே நடக்கும். மற்றதெல்லாம் பிள்ளைக்குப் பின்னால் இழுபட்டு வரும்.

அந்தக் கவுனைத் தைக்க அவளுக்குக் கிடைத்தது ஷட்டவுன் நாள் மட்டும்தான். அன்றைக்குப் பவர் மிஷின் ஓடாது. தைக்கிற பெண்களுக்கு லீவு. அம்மா பழைய கால் மிஷினை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்காருவாள். செல்போனை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிடுவாள். சத்தியமாக. ஒருமுறை எங்களிடம் கிளவுஸ் வாங்குகிற மில்லின் பர்ச்சேஸ் சார் விடாமல் அடிக்க, அரிசி உர்ர் உர்ர் என்று உறுமியது. "எலி" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலே. சாயங்காலம் வரைக்கும் நாஷ்டாவும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. நான் தோசையைப் பிய்த்து வாயில் ஊட்டினால் மெல்லுவாள், அவ்வளவுதான். ஆர்டர், செக்கிங், மில், லோடு எதுவும் இல்லாத என் அம்மாவை நான் பார்த்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

போன வருஷம், ஆரம்பாக்கத்திலிருந்து ட்ரெயினில் வந்து எங்களிடம் தைக்கிற அக்கா ஒருத்தர், தன் பெண்ணுக்குப் புதுநன்மை என்று சொன்னார். எங்கள் கோயில்தான் அவர்களுக்கும்.

"க்கா, நீதான் தைக்கணும். கடைல வாங்கனா நான் செத்துப் பூடுவேன்."

"நீ செத்துட்டா கிளவுஸு யாருடி தைப்பா? கூட்டிகினு வா பொண்ண, அளவெடுக்கறேன்."

முன்பல் விழுந்த பெண். ஸ்டூலில் ஏற்றி நிற்கவைத்து அம்மா டேப்பைப் போட்டாள். பிள்ளை சும்மா நிற்கவில்லை.

"பெரிம்மா, எனுக்கு ரெக்கை வெச்சுக் குடுப்பியா?"

"ரெக்கை வெச்சா பறந்து பூடுவ. அப்புறம் உங்கம்மா என்னைத்தான் வந்து கேப்பா."

"பறக்கமாட்டேன் பெரிம்மா. ப்ராமிஸ்."

அம்மா சரி என்றாள். தோளிலிருந்து முழங்கை வரை தொங்குகிற வலைக் கை, இறக்கை மாதிரி. அதற்காகவே மெட்ராஸ் போய் சாட்டின் வாங்கி வந்தாள். கையில் நிற்காமல் வழுக்குகிற துணி. கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பீரோவில் வைத்தாள். ஒரு ஷட்டவுனில் வெட்டுவது, அடுத்ததில் தைப்பது, அதற்கடுத்ததில் லேஸும் முத்தும். எல்லாம் கணக்குப் போட்டாயிற்று.

அப்போதுதான் பர்ச்சேஸ் சார் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"மேடம், இனிமே ஒரு நாள்கூட கேப் வரக்கூடாது. ஷட்டவுனுக்கு டீசல் ஜென்செட் வாடகைக்கு எடுத்துக்கங்க."

"சார், மாசத்துல ஒரே ஒரு நாளு சார். ஈபிக்காரனே லீவு வுடறான்."

"அவங்க விடட்டும் மேடம். எங்க மில்லு விடாது."

போனை வைத்ததும் நான் சொன்னேன், முடியாது என்று சொல்லிவிடு, வேறு மில்லா இல்லை இந்த ஊரில், நான் பத்துப் பேருக்கு மெயில் போடுகிறேன் என்று. நான் பி.காம்., யூனிட்டின் மெயில், பில் எல்லாம் நான்தான். திமிராகத்தான் சொன்னேன். அம்மாவுக்குப் பாதி மனசு வந்துவிட்டது. "போட்டுத்தான் பாரேன்" என்றுகூடச் சொன்னாள்.

மறுநாள் டீ நேரத்தில் விஷயம் தைக்கிறவர்கள் காதுக்குப் போய்விட்டது. அவர்களுக்குப் பீஸ் ரேட். தைத்தால் கூலி, ஷட்டவுன் என்றால் அந்த நாள் அம்போ. ஆரம்பாக்கம் அக்காதான் வாயைத் திறந்தார்.

"க்கா, ஷட்டவுன் அன்னிக்கு ஊட்ல குந்திகினு நாங்க இன்னா பண்ணப்போறோம்? ஜென்செட் போட்டா எங்களுக்கும் ஒரு நாளு கூலி ஆவும்ல. போடுக்கா. எம் பொண்ணுக்கு விருந்து வேற வெக்கணும்."

அம்மா கவுன் தைப்பது ஷட்டவுன் அன்றைக்குத்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அவர்கள் யாரும் வருவதில்லையே, எப்படித் தெரியும்? ராத்திரியில் தைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் காலை மிதித்தாள்.

"சரிடி, போட்டுடலாம்" என்றாள்.

மேலே வந்ததும் கத்தினேன். "லூசாம்மா நீ? அது உன் நாளு!"

"எது என் நாளு? காலண்டர்ல என் பேரு எழுதி கீதா? அவ கேக்கறது கூலிடி. நான் கேக்கறது ஆசை. ரெண்டும் ஒண்ணா?"

மெயில் போட எடுத்து வைத்திருந்த மில் லிஸ்டை அழித்தேன்.

ஜென்செட் வந்தது. ஷட்டவுன் நாளும் மற்ற நாள் மாதிரியே ஓடியது, கூடுதலாக டீசல் நாற்றம். அம்மா நேரம் திருட ஆரம்பித்தாள். விடியற்காலையில் தண்ணீர் வருவதற்கு முன்னால் கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொஞ்சம். உட்கார்ந்த அரை மணியில் யாராவது கூப்பிடுவார்கள். லோடு வண்டி வந்துவிட்டது, நூல் தீர்ந்துவிட்டது, மிஷினில் ஊசி உடைந்துவிட்டது. கடைசியில் ஸ்டோர் ரூமுக்குள் கால் மிஷினோடு ஒளிந்துகொண்டாள். கால் மிஷின் சத்தம் சும்மா விடுமா?

"யக்கா ஸ்டோர் ரூம்ல ட்ரெய்ன் ஓட்டுதுடி" என்று ஒருத்தி கத்த, எல்லாரும் சிரிக்க, அம்மாவும் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் வருவாள்.

புதுநன்மைக்கு முந்தின சனிக்கிழமை. வேலை சீக்கிரம் முடிந்து பெண்கள் கிளம்பிவிட்டார்கள். கவுனில் பக்கத் தையல் மட்டும் பாக்கி, அக்குளிலிருந்து இடுப்பு வரை. நான் வலைத்துணிக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தேன். கால் மிஷின் ஓடியது. நின்றது. ரொம்ப நேரம் ஓடவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அம்மா கவுனை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். தையல் நெடுக சாட்டின் சுருங்கிப் போயிருந்தது. ஈரத்தில் ஊறின விரல் நுனி மாதிரி.

ஜீன்ஸ் துணி தானாக நகராது. தைக்கிறவர்கள் பின்னாலிருந்து இடது கையால் இழுத்துக் கொடுக்கவேண்டும். அம்மாவும் வருஷக்கணக்காக அவர்களோடு உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எத்தனையோ டஜன், இழுத்து இழுத்து. சாட்டினை அப்படி இழுக்கவே கூடாது, அதன் போக்கில் விடவேண்டும். மாதம் ஒருமுறை முழு நாள் உட்காரும்போது முதல் ஒரு மணி நேரம் வெட்டுத் துணியில் சும்மா தைத்துக் கையைப் பழக்கிக்கொள்வாள். அதை விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த முறை அந்த ஒரு மணி நேரம் அவளிடம் இல்லை. கிளவுஸ் மிஷினிலிருந்து எழுந்து நேராக வந்து உட்கார்ந்தாள்.

"என் கை இழுத்துடுச்சிடி" என்றாள். வேறு யாரோ செய்ததைச் சொல்கிற மாதிரி.

பிரிக்கலாம் என்றேன். ஓரத்தில் இரண்டு தையல் பிரித்துக் காட்டினாள். ஊசி போன இடமெல்லாம் புள்ளி புள்ளியாக ஓட்டை. சாட்டினில் விழுந்த ஓட்டை மூடாது. மாற்றுத் துணியும் இல்லை. கடைசியில் சுருக்கத்தின் மேல் லேஸ் பட்டையை வைத்து மூடித் தைத்தாள். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. இருட்டுவதற்குள் ஆரம்பாக்கம் அக்கா வந்து வாங்கிக்கொண்டு போனார்.

"சூப்பரா கீதுக்கா! எம் பொண்ணு ஏஞ்சலு போ!"

அம்மா எதையோ சொல்ல வந்து, "லேட்டாவுது, ட்ரெய்ன வுட்டுடாத" என்று அனுப்பிவிட்டாள்.

ஞாயிறு பூசை. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அந்தப் பெண்ணும் வந்தது. கடையில் விற்கிற கவுன். நெஞ்சு பூராவும் ஜிகினா, இடுப்பில் பிளாஸ்டிக் பூ. இறக்கை இல்லை.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. பூசையில் சமாதானம் சொல்கிற நேரம் வந்தது, எல்லாரும் பக்கத்திலிருப்பவர்களைப் பார்த்துக் கும்பிடவேண்டும். எங்களுக்கு முன் பெஞ்சில்தான் அக்கா. திரும்பி, கையைக் கூப்பி, தரையைப் பார்த்துக்கொண்டே "சமாதானம்க்கா" என்றார். அம்மா "சமாதானம்டி" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஓடிவந்தது. பிள்ளைக்கு மறைக்கத் தெரியுமா?

"பெரிம்மா, உன் கவுனு அக்குள்ல குத்துச்சி. அம்மா உங்கைல சொல்லாதன்னா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா குனிந்து அந்தப் பெண்ணின் கையைத் தூக்கிப் பார்த்தாள். அக்குளுக்குக் கீழே நீளமாக ஒரு சிவப்புக் கோடு. சுருங்கின தையல், அதன்மேல் லேஸ், இரண்டும் சேர்ந்து ராவியிருந்தது.

"இந்த கவுனுதான் உனுக்கு சூப்பரா கீது கண்ணு" என்று நெற்றியில் சிலுவை போட்டாள். அப்புறம் அக்காவிடம், "எங்கைல சொல்லியிருக்கலாம்லடி?"

"ராத்திரி போட்டுப் பாத்தா அழுவுது, ஓடிப்போயி கடைல வாங்கனேன். நீ எவ்ளோ பேஜாருல தெச்சிருப்ப. எப்பிடிக்கா சொல்றது? சொன்னா நீ அழுவ."

அம்மா சிரித்தாள். நல்லாவே சிரித்தாள். விருந்துக்கு வருகிறேன் என்றாள், போகவும் செய்தாள், பிரியாணி நன்றாக இருக்கிறது என்றாள். வீட்டுக்கு வந்து நான்தான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அக்கா கவுனைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். "வெச்சிருக்கா, வேற யாருக்காவது ஆவும்" என்றார். யாருக்கு ஆகும்? அந்தப் பெண்ணின் தோள் அளவுக்கு வெட்டின துணி. அம்மா வாங்கிக்கொண்டு, "போ, உன் மிஷின்ல நூலு மாத்தணும்" என்றாள். அக்காவும் அம்மாவும் இன்றைக்கும் ஒரே டிபன் பாக்ஸில்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குள் எந்தக் கோபமும் இல்லை. கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை, யாரையாவது திட்டித் தொலைக்கலாம். பர்ச்சேஸ் சாரைத் திட்டலாமா? அவர் வேலை அது. அக்காவைத் திட்டலாமா? வாயே வராது.

அம்மா கால் மிஷினின் தலையை மடித்து உள்ளே இறக்கி, மேல்பலகையைப் போட்டு மூடிவிட்டாள். அதன்மேல் டஜன் டஜனாகக் கட்டின கிளவுஸை அடுக்குகிறோம். உயரம் வாட்டமாக இருக்கிறது.

போன வாரம் கோயிலிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் பெண்ணுக்கு இந்த வருஷம் புதுநன்மை. நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மனசுக்குள் "சரின்னு சொல்லும்மா, சொல்லும்மா" என்று கெஞ்சினேன்.

"கடைல இப்போ நல்லா நல்லா வந்துகீதும்மா. பொண்ணையும் கூட்டிகினு போயி போட்டுப் பாத்து வாங்கு" என்றாள் அம்மா. எந்தக் கடை, எந்தத் தெரு என்றுகூடச் சொன்னாள்.

இதை நான் மாடியில் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருக்கிறேன். அம்மா கீழே கிளவுஸுக்குக் கட்டைவிரல் பீஸ் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.