எண்பத்து மூன்று ஆடாத ஆட்டம்

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கு ஏழு நிமிட நடை. தெம்பனிஸில் இறங்கி, 6.45க்கு அலுவலகத்தில் என் மேசையில் உட்கார்ந்தேன். இரண்டு பென்சில் சீவினேன். எஃகு அடிக்கோலை எடுத்துத் தாளில் கட்டம் போட்டேன். அன்றைய நாட்குறிப்பின் முதல் பாதியில் இவ்வளவுதான் இருக்கிறது. இரண்டாம் பாதியில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் இன்றும் கைக்குத் தெரியும்.

அந்த அடிக்கோல் பக்கத்து மேசை அக்கா கொடுத்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். தெம்பனிஸிலேயே வீடு. நாங்கள் சேர்ந்து வேலை செய்த முதல் ஆண்டில், சனிக்கிழமை வேலை முடிந்து தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனபோது, வழியில் ஒரு கடையில் நின்று அதை வாங்கித் தந்தார். "ஸ்கூல் புள்ள மாதிரி எப்பப் பாரு கோடு போட்டுக்கிட்டே இருக்கே. கோடாவது நேரா வரட்டும்லா" என்றார். கடைக்காரரும் சிரித்தார். அக்கா எங்கே போனாலும் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் வேலை செய்யும் சிறு நிறுவனம் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கும் இணையத்தளங்களுக்கும் விளையாட்டுப் புள்ளிவிவரம் தொகுத்துத் தருகிறது. எனக்கும் அக்காவுக்கும் கிடைத்தது கனடிய ஃபுட்பால். நாம் காற்பந்து என்று சொல்வதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், பிடிப்பார்கள். எத்தனை கஜம் முன்னேறினார்கள் என்பதுதான் கணக்கு. கனடாவின் கிழக்கில் வெள்ளி இரவு ஏழு மணி என்றால் எங்களுக்குச் சனி காலை ஏழு மணி. கடிகார முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். அந்த ஒற்றுமை எனக்குப் பிடிக்கும்.

அதைவிடப் பிடித்தது அணிகளின் நிலைப் பட்டியல். ஒன்பது அணிகள், மேற்கு கிழக்கு என்று இரண்டு பிரிவுகள். ஒன்பது ஒற்றைப்படை என்பதால் வாரம் ஓர் அணியாவது ஓய்வில் இருக்கும். அதனால் பருவத்தின் நடுவில் பட்டியலைப் பார்ப்பவர் ஏமாறக்கூடாது. மேலே நிற்கும் அணி கூடுதலாக ஓர் ஆட்டம் ஆடியிருக்கலாம். ஆடியது, வென்றது, தோற்றது, சமன், போட்ட புள்ளி, விட்ட புள்ளி என்று பத்திகள் போகும். ஓர் அணி போட்டது இன்னோர் அணி விட்டது. ஆகவே ஒன்பது அணிகளும் போட்ட புள்ளிகளின் கூட்டுத்தொகையும் விட்ட புள்ளிகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இயந்திரம் சரிபார்த்தாலும் வாரந்தோறும் நான் கையால் ஒருமுறை கூட்டிப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக வரும்போது மனத்துக்குள் ஏதோ ஒன்று அதனதன் இடத்தில் போய் உட்காரும்.

அக்காவுக்கு ஆட்டம் ஒரு கேலிப்பொருள். ஓய்வில் இருக்கும் அணியை "மாமியா வீட்டுக்குப் போயிருக்கு" என்பார். உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போகாமல் தவறினாலும், எதிரணி அதைத் தங்கள் எல்லையிலிருந்து வெளியே கொண்டுவர முடியாவிட்டால், உதைத்தவர்களுக்கு ஒரு புள்ளி உண்டு. இதை அவருக்கு நான் விளக்கிய அன்று திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தப்பா அடிச்சாலும் ஒரு பாயிண்ட் குடுக்கிறானுங்க பாரு. நாம அந்த ஊர்லயே பொறந்திருக்கலாம்" என்றார். அதை நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். அவர் சொன்ன பலவற்றையும் எழுதிவைத்திருந்தேன்.

எங்கள் வேலையின் அடிப்படை இரட்டைப் பதிவு. ஒரே ஆட்டத்தை இருவர் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாகப் பதிவிட வேண்டும். இயந்திரம் இரண்டையும் ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, பட்டியல் வாடிக்கையாளருக்குப் போய்விடும். வேறுபட்டால் சிவப்பு, இருவரும் சேர்ந்து அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்துத் திருத்துவோம். ஒருவர் கண் தவறினால் இன்னொருவர் கண் பிடித்துவிடும் என்பதுதான் ஏற்பாடு. எங்கள் மேசையில் சிவப்பு மிக அரிது. மூன்று பருவங்களில் பதினான்கே முறை. அலுவலகத்தில் வேறு எந்த இணையும் எங்கள் கிட்டே வரவில்லை. சுவரில் எங்கள் படம்கூட ஒட்டியிருந்தார்கள்.

நான் ஆட்டத்தைப் பார்த்தபடியே முதலில் தாளில் பென்சிலால் எழுதுவேன். ஆட்டம் முடிந்ததும் இயந்திரத்தில் பதிந்து, மூன்று முறை சரிபார்த்து, அதன் பிறகுதான் அனுப்புவேன். அக்கா தாள் வைத்துக்கொள்வதில்லை. திரையைப் பார்த்து நேராகத் தட்டி எனக்கு முன்பே அனுப்பிவிடுவார். அவர் வேகத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டதுண்டு.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் என் கண்ணில் புரை விழத் தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். கண் வறட்சியும் சேர்ந்துகொண்டது. நாளுக்கு நான்கு முறை சொட்டு மருந்து. போட்டபின் ஐந்து நிமிடம் கண்ணை மூடி இருக்க வேண்டும். கண்ணை வைத்துப் பிழைக்கும் வேலை என்பதால் அதை அலுவலகத்தில் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவரே கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டத்தின் இடைவேளையில், நான் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். "மருந்து போட்டியாம்மா? போ, போய்ப் போட்டுட்டு வா. நான் இங்கதானே இருக்கேன்" என்பார். நான் தாளின் மேல் அடிக்கோலைப் பாரமாக வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போவேன். ஆட்டம் முடிந்ததும் தேநீருக்கு எழுந்து போவேன். அப்போதும் தாள் அங்கேதான் இருக்கும்.

அந்தப் புதன்கிழமை பத்து மணிக்கு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். சீனர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், குரல் உயர்த்தாதவர். சனிக்கிழமை நாங்கள் அனுப்பிய நடுப்பருவப் பட்டியலில், அதிகத் தூரம் பந்தைப் பிடித்து ஓடியவர்களின் வரிசையில், எண்பத்து மூன்றாம் எண்காரர் ஒருவர் திடீரென்று மேலே வந்திருந்தார். அந்த ஆட்டத்தில் அவர் ஆடவே இல்லை. ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் அவரை விலக்கியிருக்கிறார்கள். அந்தத் திருத்தம் எங்கள் இயந்திரத்துக்கு வந்து சேரவில்லை. மனிதர் சாதாரண உடையில் கோட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். பந்தைப் பிடித்து ஓடியவர் எண்பத்து எட்டு. ஒரு பத்திரிகை அதை அப்படியே அச்சிட்டு, அதன் வாசகர்கள் சிரித்திருக்கிறார்கள்.

என் கண்தான் எட்டை மூன்றாகப் பார்த்திருக்கிறது. அது என் தவறு என்று உடனே சொன்னேன். மேலாளர் தலையை ஆட்டிவிட்டு, தவறு அல்ல விஷயம் என்றார். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேருக்கும் அதே எட்டு அதே மூன்றாக எப்படித் தெரியும்? இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். யாரோ ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். அக்காவின் பதிவு 10.21க்குப் போயிருக்கிறது, என்னுடையது 10.52க்கு. எப்போதும் அப்படித்தான் என்றும் அவர் பார்த்துவைத்திருந்தார். முன்னால் அனுப்பியவர் பின்னால் அனுப்புபவரைப் பார்த்து எழுத முடியாதல்லவா என்று கேட்டார். என் மூன்று சரிபார்ப்புகளும் எனக்கு எதிராக வந்து நின்றன.

பிறகு, முந்தின நாளே அக்காவிடம் பேசியதாகச் சொன்னார். மேலாளர் சொன்னது ஆங்கிலத்தில். என் காதில் விழுந்ததோ அக்காவின் குரலில், தமிழில். "பாவம், அவளுக்குக் கண்ணு சரியில்ல. என்னோடத எட்டிப் பார்ப்பா. நான் கண்டுக்காம விட்டுட்டேன்." என் கண்ணைப் பற்றி மேலாளருக்கு வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

இரட்டைப் பதிவில் பார்த்து எழுதியது உறுதியானால் வேலையிலிருந்து நீக்குவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட விதி அது. எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார். தாளைக் காட்டலாம் என்றால், பயன்படுத்திய தாள்களை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அரைக்கும் இயந்திரத்தில் போட வேண்டும் என்பதும் விதி. நான் விதி தவறியதில்லை.

மேசைக்குத் திரும்பினேன். அக்கா பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். மேலாளர் என்ன கேட்டார் என்று கேட்கவில்லை. அதைத்தான் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை ஆறரைக்கு வீட்டில் மூன்று ஆண்டு நாட்குறிப்புகளையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. சிவப்பு விழுந்த பதினான்கு நாட்களையும் குறித்திருந்தேன். முதலாவது இப்படி இருந்தது: "சிவப்பு ஒன்று. நான் 47, அக்கா 41. காட்சியைப் பார்த்தோம், 47தான். வேடிக்கை என்னவென்றால் தாளில் நானும் முதலில் 41 என்றே எழுதியிருந்தேன். பதியும்போது சந்தேகப்பட்டுத் திருத்தினேன். இருவருக்கும் ஒரே இடத்தில் கண் சறுக்குகிறது." இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதில், "கூடப் பிறந்தவர்கள் போல" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பதினான்கில் பதினொன்றில், அக்கா பதிந்த எண் நான் தாளில் முதலில் எழுதிய தப்பான எண்ணாக இருந்தது. மற்ற மூன்றில் தாளைப் பற்றி நான் குறிக்கவில்லை.

மூன்று பருவங்களாக அந்த வரிகளை எழுதி, ஒவ்வொரு முறையும் மகிழ்ந்தும் இருக்கிறேன். அது நெருக்கம் என்று நினைத்தேன். எனக்குத் துணையாக இன்னொரு ஜோடிக் கண் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் புரை விழுந்த கண்ணோடு வேலையில் தொடர்ந்தேன். அந்த இரண்டாவது ஜோடிக் கண் இருந்ததே இல்லை. நான் எழுந்து போன நேரங்களில் என் தாளிலிருந்து அவர் எடுத்தது என்னிடமே திரும்பி வந்து, பச்சை விளக்காக எரிந்திருக்கிறது. அவருடைய வேடிக்கைப் பேச்சுகளையும் திரும்பப் படித்தேன். ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்ன எதுவும் நான் அவருக்கு விளக்கிச் சொன்னதைத் தாண்டவில்லை. அவருக்கு அந்த ஆட்டம் கடைசிவரை புரியவே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். கேட்டிருந்தால் கற்றுக்கொடுத்திருப்பேன்.

நாட்குறிப்பை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கங்களில் அவருடைய வீட்டு விஷயங்கள் எல்லாம் இருந்தன. கணவர், மகன், அவர் அழுத நாட்கள். என் கண் விஷயத்தை அவர் கொடுத்ததுபோல நான் அவற்றைக் கொடுக்க விரும்பவில்லை. பெரிய தாள் ஒன்றில் அவர் தந்த அடிக்கோலால் கட்டம் போட்டேன். தேதி, தாளில் நான் எழுதியது, நான் பதிந்தது, அவர் பதிந்தது. பதினொரு வரிகள். அவற்றுக்கு மேலே முதல் வரியாக, "எண்பத்து எட்டை எண்பத்து மூன்று என்று எழுதியது நான், என் கண்ணில் புரை இருக்கிறது, அதை மறைத்தது என் தவறு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேலாளர் என் வரிகளை இயந்திரத்தில் இருந்த பழைய சிவப்புகளோடு ஒத்துப்பார்த்தார். தேதியும் எண்ணும் பொருந்தின. ஆனால் தாளில் இருந்தது என்று நான் சொல்லும் எண்ணுக்கு என் சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை. ஆகவே அடுத்த சனிக்கிழமை இருவரும் வெவ்வேறு அறையில் உட்கார்ந்து பதிவிட வேண்டும் என்றார். அன்று அக்கா எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தார். அதற்கடுத்த வாரமும் எடுத்தார். செப்டம்பர் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். மேசையைக் காலி செய்ய வந்த அன்று என் அருகில் நின்று, தணிந்த குரலில்தான் சொன்னார்: "உன் கண்ணு சரியில்லன்னு சொன்னேன். அது பொய்யா? எல்லாத்தையும் எழுதி வைக்கிறவகிட்ட யாரும்மா மனசு விட்டுப் பழக முடியும்?" அதையும் அன்று எழுதிவைத்தேன்.

கண்ணை அறுவை செய்துகொண்டேன். இப்போது எட்டு எட்டாகத் தெரிகிறது. என்னோடு இரண்டாவது பதிவு போடுபவர் வேறு மாடியில் இருக்கிறார், முகம் தெரியாது. சிவப்பு அடிக்கடி விழுகிறது, சில வாரம் மூன்று, நான்கு. சுவரில் எங்கள் படம் வராது. ஒவ்வொரு சிவப்பிலும் அங்கே ஒருவர் தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. சனிக்கிழமை வேலை முடிந்தால் தேக்காவுக்குத் தனியாகத்தான் போகிறேன். அடிக்கோல் இன்னும் என் மேசையில் இருக்கிறது. கோடு நேராகத்தான் வருகிறது.

ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை. 6.38க்கு மேசைக்கு வந்தேன். பென்சில் சீவவில்லை, கட்டம் போடவில்லை. மருந்தை வீட்டில் போடாமல் பையில் கொண்டுவந்திருந்தேன். முந்தின இரவு எழுதிய தாளை மேசையில் கவிழ்த்து, அதன் மேல் அடிக்கோலை வைத்து, அதன் மேல் இடது கையை வைத்துக்கொண்டு, என் நாற்காலியிலேயே எல்லோரும் பார்க்கத் தலையைச் சாய்த்து இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டேன். கண்ணை மூடி நிமிடத்தை எண்ணினேன். மூன்றாவது நிமிடத்தில் பக்கத்து நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. பையை வைத்தார். பிறகு வழக்கமான அதே குரல்.

"மருந்து போட்டியாம்மா?"

"போட்டுட்டேன்க்கா" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.