பகலில் எரிந்த லைட்

பல்பு விற்கிறவனிடம் வந்து, "தம்பி, இந்தச் செடி பிழைக்குமா?" என்று கேட்டால் அவன் என்னதான் சொல்வான்? கவுன்டரில் நின்று பழகியவர்களுக்குத்தான் என் பாடு புரியும். புக்கிட் காத்தில் என்ற ஊரில் ஒரு பாயின் எலக்ட்ரிக் கடையில் ஒன்பது வருடம் நின்றேன். இப்போது அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள். அந்தப் பக்கம் மோட்டாரில் போகும்போதெல்லாம் மனசு கேட்காது, வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்ப்பேன்.

சிவப்பு பல்பு

கடைக்கு வழக்கமாக வரும் சரசு அக்காவுக்கு, பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. மெர்லிமாவ் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தை மூடியபோது, அவருடைய அப்பா ஒரு கறிவேப்பிலைக் கன்றை வேரோடு பெயர்த்துக்கொண்டு அக்காவின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மனைவி வைத்த செடி. அந்த அம்மா இறந்துபோனதிலிருந்து மனுஷர் யாரோடும் பேசுவதில்லை, செடியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டிலோ ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் சுவர். செடி இலை கொட்ட ஆரம்பித்தது. அதுவும் போய்விட்டால் அப்பா தாங்கமாட்டார் என்று அக்கா கண் கலங்கினார்.

செடிக்குச் சிவப்பு வெளிச்சம் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். சாமி மேடையில் எரியுமே, அந்தச் சின்ன பல்பைக் கேட்டார். எனக்கு அப்போது என்ன தெரியும்? எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்.

"இலை கொட்டுறது நிக்கல தம்பி. ஆனா மாடிப்படி ஏறுறவங்க எல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போறாங்க லா!"

ஒரு சாண் உயரம்

வெட்கமாகிவிட்டது. தேடிப் படித்தேன். பெட்டியில் 'டேலைட்' என்று போட்டிருக்கும் வெள்ளை எல்இடி, செடிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், தினம் பன்னிரண்டு மணி நேரம் எரியணும். மேசை விளக்கோடு சேர்த்துக் கொடுத்து, அக்காவை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். பாய் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விளக்கு விக்கத்தான்டா உன்னை வெச்சேன், நீ வைத்தியம் பாக்குறியா?"

கிராணிக்குப் பயந்தவர்

அப்படியும் இலை கொட்டியது. பொறுக்க முடியாமல் ஓய்வு நாளில் காலை பத்து மணிக்கு வீட்டுக்கே போய்விட்டேன். கூடத்தில் இருட்டு. அக்கா வேலைக்குக் கிளம்பும்போது போட்டுவிட்டுப் போன லைட் அணைந்திருந்தது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் அந்தக் காலத்தில் சாயங்காலம் ஜெனரேட்டர் இன்ஜின் ஓடினால்தான் தொழிலாளர் வீடுகளுக்குக் கரண்ட். பகலில் ஆபீஸ் விளக்கு எரிந்தால்கூட கணக்கெழுதும் கிராணி ஏசுவாராம். அந்தப் பழக்கம்! மகள் படி இறங்கியதும் தினம் அணைத்திருக்கிறார்.

"பெரியப்பா, இதுக்கு இதுதான் வெயில்" என்றேன்.

"அப்ப நாந்தான் அவ செடியைக் கொன்னுக்கிட்டு இருந்தேனா?"

அவர் விரலைப் பிடித்து சுவிட்சில் வைத்தேன்.

பெரட்டு நேரம்

நாலு மாதம் கழித்து அக்கா கடைக்கு வந்தார், கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் கறிவேப்பிலை! கடை முழுக்க வாசனை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"தோட்டத்துல பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போற மாதிரி விடியக்காலையிலயே எழுந்து லைட்டைத் தட்டுறாரு. 'கிராணி வந்தா நான் பேசிக்கிறேன்'னு அம்மா செடிகிட்ட சொல்றாரு, தம்பி."

ஒன்பது வருட உழைப்புக்கு எனக்குக் கிடைத்த ஒரே விருது அந்தப் பொட்டலம்தான், அதிலும் பாதியை பாய் மீன் குழம்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.