நிரந்தரச் சாட்சிகள்

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில், போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே பதினெட்டு வருஷம் தையல் கடை வைத்திருந்தேன். இடப்பக்கம் டீக்கடை, வலப்பக்கம் சைக்கிள் கடை. நாங்கள் மூன்று பேர்தான் அந்த ஸ்டேஷனுக்கு நிரந்தரச் சாட்சிகள். திருட்டுப் பொருள் கிடைத்தால், அதை எங்கே எப்படி எடுத்தோம் என்று போலீஸ் ஒரு மகஜர் எழுதும். அதில் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஏட்டு வாசலில் நின்று கையைத் தட்டுவார். எங்களில் சும்மா இருக்கிற இரண்டு பேர் எழுந்து போவோம்.

"டெய்லரே, ஒரு சைன் போட்டுட்டுப் போ."

"இன்னா கேஸு சார்?"

"ஆடு."

அவ்வளவுதான். ஆட்டையும் பார்த்ததில்லை, அதைப் பிடித்த இடத்தையும் பார்த்ததில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து, பாதியில் விட்ட காஜாவைத் தொடருவேன். தப்பு என்று தோன்றியதே இல்லை. கொஞ்சம் கௌரவமாகக்கூட இருந்தது.

செங்கல்பட்டு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் எங்களுக்குப் பண்டிகை. டீக்கடைக்காரர் மடிப்புக் கலையாத வேட்டியில் வருவார். சைக்கிள் கடைக்காரர் பஸ் கிளம்பியதும் தூங்கிவிடுவார். ஆனால் திருமுக்கூடல் பாலத்தில் காற்று முகத்தில் அடித்ததும் எழுந்து, "பின் டயர்ல காத்து கம்மி" என்பார். ஒருமுறைகூட அவர் சொன்னது பலித்ததில்லை. பழையசீவரம் மலைக்கோயில் தெரிந்ததும் டீக்கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கோர்ட் வாசல் மரத்தடியில் கதை பேசுவோம். வழக்கை வேறு தேதிக்குத் தள்ளிவைத்தால் இன்னும் சந்தோஷம், இன்னொரு பயணம் உண்டே. மத்தியானம் பக்கத்து ஓட்டலில் பூரி. என் வாழ்க்கையில் அந்த அளவு சிரித்தது அந்த நாட்களில்தான்.

ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீல், சின்ன வயசுக்காரர், என்னைக் கேட்டார்: "இதுவரைக்கும் எத்தனை கேஸ்ல சாட்சி சொல்லியிருக்கீங்க?"

"இந்த வருஷத்துலயா சார், மொத்தமாவா?" என்றேன், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்.

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. போலீஸ் பக்கம் திரும்பி, "இந்த ஊர்ல இவங்க மூணு பேருக்குத்தான் கண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

அதன்பின் ஒரு பெண் எஸ்.ஐ. மாற்றலாகி வந்தார். தறி நெய்கிற தெரு, காலனி, ஊர் எல்லையில் இருக்கும் இருளர் குடியிருப்பு என எல்லா இடத்திலிருந்தும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும், பெண்களையும் கூப்பிட வேண்டும் என்றார். ஏட்டு கை தட்டுவது குறைந்தது. டீக்கடைக்காரருக்கு அதில் கோபம்தான்.

அந்தச் சமயம் திருடுபோன பம்புசெட் மோட்டார் ஒன்று ஏரிக்கரையில் கிடைத்தது. பக்கத்தில் இருந்தது இருளர் குடியிருப்பு. அங்கே ஓர் ஆளைச் சந்தேகத்தில் முன்னமே பிடித்து வைத்திருந்தார்கள். சாட்சிக்கு ஆள் கூப்பிட ஜீப் போனதும் மொத்தக் குடியிருப்பும் வயல்வெளிக்குள் ஓடிவிட்டது. அதுவரை அங்கே ஜீப் போனதெல்லாம் யாரையாவது பிடித்துப் போகத்தான். கடைசியில், அவர்களுக்குத் தெரிந்த முகம் என்று எஸ்.ஐ. என்னை அழைத்துப் போனார். என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் அம்மா ஒருத்தி வரப்பிலிருந்து மெல்ல வந்தாள்.

"ண்ணா, யாரை இட்டுக்கினு போவ வந்துகீறாங்க?"

"யாரையும் இல்லம்மா. உன்ன சாட்சிக்குக் கூப்புடுறாங்க."

"சாட்சின்னா இன்னா பண்ணணும்?"

கையெழுத்துப் போடணும் என்று வாய் வரை வந்தது. "பாக்கணும். பாத்தத சொல்லணும்" என்றேன்.

ஏரிக்கரைக்குப் போனோம். வேலிக்காத்தான் புதருக்குள் மோட்டார் கிடந்தது. எழுதி முடித்த காகிதத்தை ஏட்டு நீட்டினார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். அவள் கட்டை விரலைக் கொடுக்கவில்லை.

"படிச்சிக் காட்டு சார்."

ஏட்டு படித்தார். மோட்டாரை அந்தப் பிடித்து வைத்த ஆளின் குடிசைக்குப் பின்னால் எடுத்ததாக எழுதியிருந்தது.

"வூட்டாண்ட இல்லியே சார். தோ, பொதருல தானே கீது."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணு இல்ல சார். வூடு அந்தாண்ட கீது."

எஸ்.ஐ. காகிதத்தை வாங்கிக் கிழித்துவிட்டு, தானே புதிதாக எழுதினார். அதைப் படித்துக்காட்டிய பிறகுதான் அவள் விரலை மையில் வைத்தாள்.

அந்தக் கேஸுக்கு அவளும் நானும் கோர்ட்டுக்குப் போனோம். டீக்கடைக்காரரும் வேறொரு கேஸுக்காக எங்களோடு வந்தார். எந்த நிறுத்தத்தில் பஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கூண்டில் ஏறி, பார்த்ததை மட்டும் சொன்னாள். அந்தப் புதரில் யார் வேண்டுமானாலும் மோட்டாரை ஒளித்திருக்கலாம் என்று பிறகு அந்த ஆளை விட்டுவிட்டார்கள்.

சாட்சி சொல்லிவிட்டு ஓட்டலில் உட்கார்ந்தோம்.

"ண்ணா, எங்க வூட்டுக்காரரு மேல ஒயர் திருட்டு கேஸு போட்டாங்களே, அதுல கையெழுத்து போட்டது நீதானே?"

எனக்கு நினைவில்லை. அவள் பேர் சொல்லி, தெரு சொல்லி விளக்கினாள். போட்டிருப்பேன்.

"அன்னிக்கி நீ பாத்தியா?"

டீக்கடைக்காரர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. பாக்கல."

"எட்டு மாசம் ஜெயில்ல கெடந்தாரு. இதே பஸ்ல தான் மனு போட்டுப் பாக்க வருவேன்." தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "பூரி ஆறிப் போவுது, துண்ணு" என்றாள்.

பூரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அடுத்த முறை ஏட்டு கூப்பிட்டபோது, "எடத்தக் காட்டுங்க சார், பாத்துட்டுப் போடுறேன்" என்றேன். அப்புறம் என்னைக் கூப்பிடுவதே நின்றுபோனது. டீக்கடைக்காரர் இப்போது இல்லை. சைக்கிள் கடைக்காரர் மகன் வீட்டோடு போய்விட்டார். பாலத்தின் மேல் அடித்த காற்றையும் அந்த இருவரையும் நினைக்காத வாரம் இல்லை. அந்தச் சிரிப்பு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மறைக்கவும் மனசில்லை.

கடையை விட்டபின் வீட்டிலேயே தைக்கிறேன்; போன பொங்கலுக்கு முன்னால் அந்த அம்மா ரவிக்கைத் துணியோடு வந்திருந்தாள். சாட்சிக்குக் கூப்பிடுகிறார்களா என்று கேட்டேன்.

"ரெண்டு வாட்டி கூப்ட்டாங்க. ஒரு வாட்டிதான் ரேகை வெச்சேன்."

"இன்னொண்ணு?"

"நா போறதுக்குள்ள பொருள எடுத்துட்டாங்க. பாக்காததுக்கு எப்பிடி வெக்கறது?" என்றாள். பிறகு அளவுக்குக் கொண்டுவந்த பழைய ரவிக்கையை மேஜையில் விரித்து, கை மட்டும் கொஞ்சம் நீளமாக வேண்டும் என்றாள்.