சிவப்பு விளக்குக்கு இரண்டு காரணம்

வெல்டா க்ரௌச்சுக்கு அறுபத்தேழு வயது. வேனில் குடியேறிப் பதினொரு வருஷம் ஆகிறது. குளிர்காலத்தில் வேன்களும் பழைய பஸ்களும் வந்து கூடுகிற அந்த அரிசோனாப் பொட்டலில் அவளைத் தெரியாதவர் யாரும் கிடையாது. சூப்பர் மார்க்கெட் கல்லாவில் இருபத்தாறு வருஷம் நின்றே முழங்கால் இரண்டையும் தொலைத்தவள் என்று எல்லோருக்கும் தெரியும். நெப்ராஸ்காவில் அவளுக்கு டெல்மர் என்று ஓர் அண்ணன் இருப்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. யாராவது கேட்டால், "எனக்கு யாரும் இல்லப்பா" என்று பேச்சை முடித்துவிடுவாள்.

வீட்டை விற்று வேனை வாங்கியபோது டெல்மர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். "நாய்கூட இதைவிடப் பெரிய கூண்டுல இருக்கும்." இவள் மட்டும் சளைத்தவளா? "இன்னியோட எனக்கு அண்ணன் இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அதன்பிறகு இவளும் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. வறட்டுப் பிடிவாதத்தில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஒரு வாரம் முன்பு தபால் அலுவலகத்தில் அவள் பெயருக்கு ஒரு கடிதம் காத்திருந்தது. எழுதியவள் யெசெனியா என்ற நர்ஸ். டெல்மருக்குப் பக்கவாதம், பேச்சு போய்விட்டது, இனி அதிக நாள் இல்லை, இடது கையால் உங்கள் பெயரை மட்டும் எழுதிக் காட்டினார் என்று இருந்தது. வெல்டா ஊருக்குள் போய் நூலக வாசலில் நின்று போன் செய்தாள். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குத் தானே கூப்பிட்டு, போனை அவர் காதில் வைப்பதாக நர்ஸ் சொன்னாள்.

"அவரால பேச முடியாது மேடம். ஆனா எல்லாம் புரியுது. நீங்க பேசுங்க, அவர் கேட்டுக்குவார்."

அந்த வேனின் கியர் இருக்கிற லட்சணத்தில் நெப்ராஸ்கா வரை போய்ச் சேராது. நூலக வாசலில் நின்றே பேசியிருக்கலாம்தான். பத்துப் பேர் பார்க்க அழுவதற்கு வெல்டாவுக்கு மனம் ஒப்பவில்லை. தன் கட்டிலில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். பொட்டலில் சிக்னல் கிடையாது. அதற்காகத்தான் பழைய சாமான் சந்தையில் ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கினாள். காந்த அடி வைத்த ஆன்டெனா கூரைமேல், பெட்டி கட்டிலடியில், தலையணைப் பக்கம் உள்ளங்கை அளவில் இன்னொரு ஆன்டெனா. போதாக்குறைக்கு, உயரமான கம்பம் நட்டு எப்போதும் சிக்னல் வைத்திருக்கும், பக்கத்துப் பழைய பஸ்ஸில் குடியிருக்கும் ஆரினின் நம்பரையும் நர்ஸிடம் கொடுத்திருந்தாள். எதற்கு என்று ஆரினிடம் சொல்லவில்லை. "உன் நம்பரை ஒரு இடத்துல குடுத்திருக்கேன் கிழவா, கூப்பிட்டா சொல்லு" என்றதோடு சரி.

"காதலனா அம்மணி?"

"ஆமா, உன்னைவிட ரெண்டு பல்லு அதிகம்."

வியாழன் வந்தது. பூஸ்டர் பச்சை விளக்கு காட்டவில்லை. சிவப்பு விட்டு விட்டு மின்னியது. போனில் ஒரு கோடுகூட இல்லை. முந்தின இரண்டு ராத்திரியும் தூங்காமல் கம்பிகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்திருந்தாள். கடைசியில், பெட்டியோடு வந்த கசங்கிய தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். சிவப்பு மின்னினால் இரண்டு காரணம் என்று போட்டிருந்தது. ஒன்று, பெட்டி சூடாகிவிட்டது. ஆறவிட வேண்டும்.

வெளியே வெயில் கொளுத்தியது. பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. இதுதான் விஷயம் என்று வெல்டாவுக்கு உயிர் வந்தது. மணி ஒன்றரை. எல்லா ஜன்னலுக்கும் வெள்ளித்தாள் மறைப்பை வைத்தாள். முன்கண்ணாடிக்கும் பெரிய மறைப்பை விரித்து வைத்தாள். விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டாள்.

முன்கண்ணாடியில் மறைப்பு ஏறிவிட்டால் அந்தப் பொட்டலில் அந்த வண்டிக்குக் கதவே இல்லை என்று அர்த்தம். தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. போன வருஷம் தெரியாமல் தட்டிய ஒருவனை உள்ளேயிருந்து துப்பாக்கி வரவேற்றது. சொந்த வீடென்று சுவர் இல்லாதவர்களுக்கு அந்த மறைப்புதான் சுவர். வெல்டா அதைவைத்துப் பலரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

இரண்டு மணி சுமாருக்குச் சரளைக்கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. வண்டியின் முன்னால் வந்து நின்றது. வெல்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். யாரோ வெட்டிப் பேச்சுக்கு வந்திருக்கிறார்கள், நல்ல வேளை மறைப்பு இருக்கிறது என்று நினைத்தாள். காலடி கொஞ்சம் தயங்கிவிட்டுத் திரும்பிப் போனது.

மூன்று மணிக்குப் பெட்டி நன்றாக ஆறிவிட்டது. சிவப்பு மட்டும் நிற்கவில்லை. தாளை மறுபடி எடுத்தாள். இரண்டாவது காரணம்: இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்கின்றன. நடுவில் தூரம் வேண்டும், அல்லது உலோகம் வேண்டும்.

கூரையைப் பார்த்தாள். பழைய சொந்தக்காரன் உயரத்துக்காக மாற்றிய பைபர் கூரை, உலோகம் கிடையாது. பெட்டி தன் குரலையே கேட்டுக் குழம்பி வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அடுப்பங்கரையில் துழாவினாள். பிஸ்கட் சுடுகிற தட்டுகளில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தாள். அலுமினியத் தட்டில் ஒட்டவில்லை. இரும்புத் தட்டில் டப்பென்று ஒட்டியது. பின்கதவு வழியாக இறங்கி, பின்னேணியில் ஒவ்வொரு படிக்கும் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறி, தட்டைக் கூரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஆன்டெனாவை அதன் நடுவில் நிறுத்தினாள். இறங்கி வந்து பெட்டியைப் பார்த்தாள்.

பச்சை. போனில் மூன்று கோடு. மணி மூன்று நாற்பது.

"வந்துட்டியாடா என் ராசா" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தாள். பதினொரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டாள், அவன் பார்க்கப்போவதைப் போல.

போன் சிணுங்கியது. சிக்னல் இல்லாதபோது வந்த ஒரு குரல் செய்தி. நர்ஸின் குரல் ஒரு மணி நாற்பத்தைந்துக்கே பதிவாகிக் காத்திருந்தது. "மேடம், நாலு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே கூப்பிடுங்க. அவர் மூச்சு மாறுது. இன்னொரு நம்பருக்கும் சொல்றேன், ஆனா காரணத்தை வெளியாள்கிட்ட சொல்றதுக்கு எங்களுக்கு அனுமதி இல்ல."

ஆரின் வரவே இல்லையே என்று நினைத்த அதே நொடியில் அந்தக் காலடி ஞாபகத்துக்கு வந்தது. ஓடிப்போய் முன்கண்ணாடி மறைப்பைப் பிடுங்கினாள். வெளியே வைப்பருக்கு அடியில் ஒரு காகிதம் படபடத்தது. ஆரினின் கோணல் எழுத்து.

'யெசெனியான்னு ஒருத்தி கூப்பிட்டா. முடிஞ்சா சீக்கிரம் பேசணுமாம். என் பஸ்ஸுக்கு வா, இங்க சிக்னல் நல்லா இருக்கு. நீ ரெண்டு நாளா தூங்கலைன்னு தெரியும், அதான் எழுப்பல. 2.05.'

நர்ஸின் நம்பரை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தாள் யெசெனியா. குரல் துளிகூட இழுக்காமல் தெளிவாகக் கேட்டது.

"மூணு இருபதுக்குப் போயிட்டார் மேடம். ரொம்ப நேரம் போனையே பாத்துட்டிருந்தார். ரொம்ப வருத்தமா இருக்கு."

எதிர்முனையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம்கூடக் கேட்டது. அப்படிப்பட்ட சிக்னல்.

"நீ இன்னும் அந்த ரூம்லதான் இருக்கியாம்மா?"

"ஆமா மேடம்."

"போனை அவன் காதுல வை."

"மேடம்..."

"எப்படியும் அவன் பதில் பேசப் போறதில்லையே. வை."

துணி உரசுகிற சத்தம். "வச்சிருக்கேன்" என்றது தூரத்துக் குரல்.

ஒரு வாரமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "டெல்மர், நான்தான்" என்றாள். அப்புறம், "எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்" என்றாள். அதையே இன்னொரு தரம் சொன்னாள். பச்சை விளக்கு கடைசிவரை அணையவில்லை.

ஐந்து மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். மறைப்பு எடுத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஆரின் காபிக் குவளையோடு வந்து நின்றான்.

"என்ன அம்மணி, கூரைமேல தட்டு வச்சிருக்க? வெயில்ல பிஸ்கட் சுடறியா?" என்று சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு. மத்தியானம் வந்தேன், மறைப்பு போட்டிருந்த. தட்டலாமான்னு கைய ஓங்கிட்டேன், பாவம் தூங்கட்டும்னு விட்டுட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டியா? அவசரம் ஒண்ணும் இல்லையே?"

அவனுக்கு எழுபத்திரண்டு வயது. இந்தப் பொட்டலில் அவளுக்கென்று தண்ணீர் கேன் தூக்கித் தருகிற ஒரே ஆள். கசக்கிய காகிதம் வெல்டாவின் கைக்குள் இருந்தது.

"ஒண்ணும் இல்ல, பேசிட்டேன்" என்றாள்.

"நல்லா தூங்கினியா?"

"நல்ல தூக்கம், ஆரின். நீ எழுப்பாம போனது நல்லதாப் போச்சு."