மானுக்குப் பித்தப்பை தேடின சனிக்கிழமை

பிள்ளைகளே, நான் அடையாற்றில் ஒரு துரை வீட்டுக் குசினியில் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். அங்கே மான் உரித்த கதையை உங்கம்மா தன் பக்கத்துக்குத் தோதாகச் சொல்லுவாள். நடந்தது இதுதான்.

1. மான் வந்தது

பழைய சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டதால், அவருக்குக் கைவேலை செய்துகொண்டிருந்த என்னைத் துரை அடுப்பில் நிறுத்தினார். நிரந்தரம் இல்லை, பார்ப்போம் என்றார். "மாமிசம் எல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். மயிலாப்பூர் மார்க்கெட்டில் காசிம் பாய் வெட்டி, இலையில் கட்டிக் கொடுத்த பிறகு எல்லா மாமிசமும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின சங்கதியை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் துரையின் கார் நேராகக் குசினி வாசலுக்கு வந்தது. பின் சீட்டில் ஒரு புள்ளிமான் கிடந்தது. செங்கல்பட்டுப் பக்கம் விடியற்காலையில் சுட்டதாம்.

"அந்தோணி, நாளைக்கு மத்தியானம் பெரிய துரை சாப்பிட வருது. பின்னங்கால் ரோஸ்ட். நல்லா வந்தா வேலை உனக்கு. இல்லே, ஹோட்டல் குக் வரும்."

மானை மாமரத்தடியில் இறக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வேலை போனால் தோட்டத்து மூலையில் இருந்த எங்கள் அறையும் போகும். உங்களில் மூத்தவள் அப்போது அதற்குள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு மிதித்தேன்.

2. வாயால் வெட்டினவர்

காசிம் பாய் என் வயதுக்காரர். கத்திக் கட்டோடு சந்தோஷமாக வந்தவர், மானைப் பார்த்ததும் நின்றார்.

"உசிரு இருக்கறப்ப ஓதி அறுத்தாங்களா?"

"துரை சுட்டாரு பாய்."

"அப்ப என் கத்தி இதுல படக் கூடாது நைனா. இதே கத்தியில நாளைக்கு ஜனங்களுக்கு ஆடு வெட்டணும்." கத்தியை மறுபடி துணியில் சுற்றினார். என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டார் போலிருக்கிறது. "கத்திதான் படக் கூடாது. வாய் படலாம்" என்று துவைக்கிற கல்லில், மானுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"திரும்பி உக்காந்தா எப்பிடி பாய்?"

"பாத்துக்கினு இருந்தா என் கை சும்மா இருக்காது."

என் கையில் இருந்தது ரொட்டிக் கத்தி. அதைப் பார்த்துவிட்டு உங்கம்மா தன் மீன் அரிவாளோடு வந்தாள். சாந்தோம் கரையில் மீன் விற்று வளர்ந்தவள். "தள்ளுய்யா. இது இன்னா, பெரிய வஞ்சிரம். கால் நாலு கீது, அவ்ளோதான்."

பின்னங்கால் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே ஓட்டை போட்டுக் கழியைச் செருகி, கிளையில் தலைகீழாகத் தூக்கினோம். உரிப்பதற்குக் கத்தி அதிகம் வேண்டாம் என்றார் பாய். காலைச் சுற்றிக் கீறிவிட்டு, ஒரு கையால் தோலை இழுத்து, மறு கையின் முஷ்டியை உள்ளே விட்டுத் தள்ளினால் போதும். தள்ளினேன். நனைந்த சட்டையைக் கழற்றுவது போல வந்தது. ஹோட்டல் குக்கை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

3. பித்தப்பை

"தங்கச்சி, வயித்துல அருவாள மேலாக்க வுடு. உள்ள குத்திடாத" என்றார் பாய்.

குடல் முழுசாக அண்டாவில் விழுந்தது. ஈரல் பளபளவென்று வந்தது.

"இப்பத்தான் முக்கியம். ஈரல ஒட்டிக்கினு பச்சையா ஒரு பை இருக்கும். பித்தப்பை. ஒடையாம எடு. ஒடைஞ்சா அத்தினி கறியும் கசந்துடும்."

"மீனுக்கும் அதே கததான்" என்றாள் உங்கம்மா. அன்று இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஈரலைப் புரட்டினேன். பை இல்லை. உங்கம்மா புரட்டினாள். இல்லை. குடலில் தேடினோம், அண்டாவுக்கு அடியில் தேடினோம், புல்லில் தேடினோம்.

"அப்ப ஒடைஞ்சுபோச்சு" என்றார் பாய், சாவுச் செய்தி சொல்லுகிற குரலில்.

"நீதான் முஷ்டிய வுட்டு நாட்டியம் ஆடின" என்றாள் உங்கம்மா என்னிடம்.

"அருவா யார் கையில இருந்துச்சு?"

"என் அருவா இதுவரைக்கும் ஒரு பித்தம் ஒடைச்சதில்ல."

"ஆட்டுக்கு மீன் அருவா எடுத்தா இப்பிடித்தான்" என்றார் பாய்.

"திரும்பிப் பாரு பாய். அது ஆடு இல்ல, மானு."

பாய் திரும்பவில்லை. உங்கம்மா மீனுக்குச் செய்வது போலவே செய்தாள். தொடைச் சந்தில் மூட்டைத் திருப்பிக் காலை எடுத்து, கசப்புப் போக உப்பும் புளியும் போட்டுக் கழுவி, மஞ்சள் தேய்த்தாள். துரை வீட்டு ரோஸ்ட் கல்யாணப் பெண் மாதிரி மஞ்சளாக நின்றது. ஒரு துண்டை வறுத்துப் பார்த்தோம். கசக்கிறது என்றேன் நான். கசக்கவில்லை என்றாள் அவள். தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் பாய்தான். அவர் அதைச் சாப்பிட மாட்டார்.

மறுநாள் மத்தியானம் என்னை மேஜைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய துரையின் தட்டில் எலும்பு மட்டும் இருந்தது.

"இந்தப் புளிப்பு என்ன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. பித்தப்பை உடைந்ததையும் கழுவினதையும் சொன்னேன். இரண்டு துரைகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரிய துரை முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மானுக்குப் பித்தப்பையே கிடையாது, மேன்."

வேலை நிலைத்தது. அதற்குப் பிறகு எந்த மான் வந்தாலும் அதே புளி, அதே மஞ்சள் வேண்டும் என்று துரை கேட்டார்.

செய்தியைப் பாயிடம் சொன்னேன். கறி வெட்டுவதை நிறுத்தி யோசித்தார். "நான்தான் பாக்கவே இல்லையே" என்றார்.

பிள்ளைகளே, எந்த வேலைக்குப் போனாலும் இதை மனசில் வையுங்கள். தெரிந்த மிருகத்தை நினைத்துக்கொண்டு தெரியாத மிருகத்தை வெட்டாதீர்கள். எதிரே தொங்குவதைப் பாருங்கள்.

உங்கம்மாவுக்கு இது பொருந்தாது. அடுத்தடுத்து வந்த மான்களிலும் அவள் ஈரலைப் புரட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. கேட்டால், "பெரிய தொரை சாப்புட்ட மானுல இல்ல. இதுல இருந்தா?" என்பாள்.