ஆணியில் தொங்கிய பேட்ஜ்

குஜிலியம்பாறைப் பக்கம் பொம்மையன் மகன் மலைச்சாமி என்றால் தெரியாதவர்கள் குறைவு. அவன் பெண்சாதி முத்துப்பேச்சி, கொடைரோட்டுச் சிவனம்மாளின் கடைசி மகள். இரண்டு வருடம் மழை ஏமாற்றியதும் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு வடக்கே ஒப்பந்த வேலைக்குப் போனான்.

ராணுவத்துக்கான அணு வேலை நடக்கிற இடம். கழிவு அடைத்த இரும்புப் பீப்பாய்களை உருட்டி அடுக்க வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று பதிவு செய்ய ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். ஆறாம் மாதம் மலைச்சாமியின் பேட்ஜ் மட்டும் எக்கச்சக்கமாகக் காட்டியது. ரத்தம் எடுத்துக்கொண்டு, கூப்பிடும்வரை ஊரில் இரு என்று அனுப்பிவிட்டார்கள்.

வந்த நாளிலிருந்து முத்துப்பேச்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் வேலையிடத்து மேஸ்திரி சூசைராஜ் போன் செய்தார்.

"அப்பு, பாதுகாப்பு வாரியத்துலருந்து ஒரு அம்மா விசாரிக்க வாராக. பேட்ஜ் எந்நேரமும் நெஞ்சுலதான் இருந்துச்சுன்னு சொல்லிரு. கழட்டுனேன்னு சொன்ன, உள்ள போற உன் பாஸ் போச்சு. திரும்ப இந்தப் பக்கம் வர ஏலாது."

மறுநாள் உச்சிவெயிலில் அந்த அம்மா வந்து இறங்கினார். புவனேஸ்வரி என்று பெயர். திண்டுக்கல் வரை ரயில், அங்கிருந்து டவுன் பஸ். முத்துப்பேச்சி சோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் போட்டாள்.

"நீங்களும் உக்காருங்கண்ணே. சாப்பிட்டுட்டே பேசுவோம்" என்றார் அந்த அம்மா.

மலைச்சாமி சட்டையைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுச் சம்மணம் போட்டான்.

"ஆத்தாடி! விருந்தாளி உக்காந்திருக்காக, சட்டையைக் கழட்டுறீகளே!" என்று முத்துப்பேச்சி வைதாள்.

"சின்னதுலருந்து பழகிப்போச்சுங்கம்மா. சட்டையோட உக்காந்தா சோறு எறங்காது" என்று நெளிந்தான்.

அந்த அம்மா ஆணியையே பார்த்தார். "அங்க என்ன வேலை செய்றீங்கன்னு எங்கிட்டச் சொல்ல வேணாம், அது ரகசியம். அங்கயும் சட்டை இப்படித்தான் தொங்குமா? அதை மட்டும் சொல்லுங்க."

மலைச்சாமி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். பீப்பாய் இடித்துப் பேட்ஜ் உடைந்துவிடுமோ என்று பயந்து, அதைச் சட்டையோடு சாப்பாட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டு, வேலை உடுப்பை மட்டும் போட்டுக்கொண்டு போகிறவன் அவன். சொன்னால் பிழைப்பு போகும். ஆனால் பேட்ஜ் அம்புட்டும் காட்டியது தன் உடம்பில் பட்டதை இல்லை, அந்தச் சுவரிலிருந்து வந்ததை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவனோடு வேலை பார்க்கிற ஆறு பேர் இந்நேரம் சோறு தின்றுகொண்டிருப்பார்கள்.

"ஆமாங்கம்மா. நாள் முச்சூடும் கொட்டகைச் சுவத்துலதான் கெடந்துச்சு. தப்பு எம்மேலதான்."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவி, வாசலில் நின்று போன் செய்தார். "கொட்டகையைப் பூட்டுங்க. இப்பவே. ஒருத்தர்கூட உள்ள இருக்கக் கூடாது."

மூன்றாம் நாள் பொழுது சாய ரெட்டியார்சத்திரத்து பெலிக்ஸ் கூப்பிட்டான். அந்த ஆறு பேரில் ஒருத்தன்.

"ஏலே மலைச்சாமி! சுவத்துக்குப் பின்னால பதிவுலயே இல்லாத நாலு பீப்பாயாம்லே. ஒண்ணு கசிஞ்சிருக்கு. எங்க எல்லாரையும் சோதிச்சிட்டாக. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தாத்தான் ஆபத்து, இப்பப் பயமில்லேன்னு சொல்லிட்டாக. பேட்ஜைக் கழட்டுனதுக்கு உன்னைய ரெண்டு மிதி மிதிக்கணும், அப்புறம் கட்டிப்பிடிக்கணும்லே."

மலைச்சாமியின் ரத்தத்திலும் குறையில்லை. பேட்ஜைக் கழற்றியதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தானே உண்மையைச் சொன்னான் என்று அந்த அம்மா எழுதியிருந்ததால் பாஸ் போகவில்லை. பதிவில்லாமல் பீப்பாய் வைத்தவர்கள் மேல்தான் நடவடிக்கை வந்தது.

திரும்ப ரயிலேறும் முன் அந்த அம்மாவுக்குப் போன் போட்டு நன்றி சொன்னான். அவன் முடிப்பதற்குள் முத்துப்பேச்சி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, அன்னைக்கு நீங்க வயிறு நெறையச் சாப்பிடலை. அந்த ஆறு பேரு குடும்பம், எங்க குடும்பம், ஏழு குடும்பத்துக்கும் அது மனசுல கெடக்கு. ஒருநா வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."