கதவு திறந்த பிறகு

தொண்ணூறுகளில் நாங்கள் கெலுகோரில் குடியிருந்தபோது, பக்கவாதம் வந்து என் கணவருக்குப் பேச்சு குழறிப்போனது. அதற்கு முன்பு இருவரும் சேர்ந்து கணினியில் ஒரு விளையாட்டை ஆடி முடித்திருந்தோம். ஆளில்லாத தீவில் நாமே நடந்து, புதிர்களை விடுவித்து, கதவுகளைத் திறக்க வேண்டும். அதன் இரண்டாம் பாகம் வந்ததும் அவருடைய நண்பர் சிடியோடு வந்தார்.

"போட்டுக் காட்டுங்கக்கா, அண்ணே ஹேப்பி ஆயிடுவாருலா."

அவரைப் பக்கத்தில் சாய்த்து உட்காரவைத்து நான் ஆடினேன். ஓர் இரும்புக் கதவு மட்டும் திறக்கவே இல்லை. அவர் வாய் கோணி, "தண்... தண்..." என்றார்.

"தண்ணியா? இருங்க, கொண்டாறேன்."

குடிக்க மறுத்துத் தலையாட்டினார். மறுபடியும் அதையே சொன்னார்.

"சுடுதண்ணியாங்க?"

நல்ல கையால் குவளையைத் தட்டிவிட்டார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"எனக்குப் புரியலையே, நான் என்னதான் செய்வேன்?" என்று நானும் அழுதேன்.

தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், திரையில் கதவருகே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். அதன் குழாயைத் திறந்ததும் கதவு மேலே எழுந்தது. அவர் பாதி வாயால் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதுவரை அவர் குழறியதற்கெல்லாம் நானே ஒரு பொருள் வைத்து, சோறும் மாத்திரையும் ஊட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை முறை அவர் வேறெதையோ சொல்ல வந்தாரோ, இனி நான் யாரைக் கேட்பேன்?